பின்வளவுக் குறிப்புகள்

குப்பைத் தொட்டியைத் திறக்கும்போது அது தொட்டியைப் பார்ப்பதில்லை.

முகம் என் பக்கம். கை இரண்டும் மூடிக்குக் கீழே எங்கோ. பேச்சுக் கொடுத்தபடியே சுளகில் அரிசி பார்க்கும் கை அது.

ரொறன்ரோ, ஸ்கார்பரோ. ஒக்ரோபர். வீட்டில் மீன் வெட்டிய நாள். மாமி தொட்டியின் கைபிடியைத் திருப்ப மறந்த நாளும்.

மீன் தலைக்கு வரும். நண்டுக் கோதுக்கு வரும். கறிவேப்பிலையை ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்தது.

யன்னலில் மாமி.

"உது என்ன, மரநாயோ?"

"ரக்கூன், மாமி."

"எல்லாம் ஒண்டுதான். ரெண்டும் கள்ளர்."

மரநாய் பூனைப் பக்கத்து உறவு. ரக்கூன் நாய், கரடிப் பக்கம். ஒன்று யாழ்ப்பாணத்தில் ஓட்டுக்கூரைக்குள் குட்டி போடும், கள்ளுமுட்டிக்கு ஏறும். மற்றது இங்கே கூரைக்குள் குட்டி போடும், பச்சைத் தொட்டிக்கு இறங்கும். மாமிக்கு விளக்கப் போகவில்லை. "அதைத்தானே நானும் சொன்னனான்" என்று முடித்துவிடுவா.

முன்னங்காலில் ஐந்து விரல். உள்ளங்கையில் மயிர் இல்லை. நகத்துக்கு மேலே மட்டும் சில விறைத்த மயிர்கள். பொருளைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பே அவை தொட்டுவிடும்.

பெருவிரல் நமது போல எதிரே மடியாது. ஆகவே ஒரு கையால் பிடிப்பது கடினம். எல்லாவற்றுக்கும் இரண்டு கை.

மூளையில் தொடுகைக்கு ஒதுக்கிய பகுதி பெரியது. அங்கே விரல்களுக்குத் தனித்தனி மடிப்பு. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் வெல்கர் என்ற ஆய்வாளர் மின்முனை வைத்துப் பார்த்தார். இந்த விரலைத் தொட்டால் இந்த மடிப்பு. பக்கத்து விரலைத் தொட்டால் அடுத்த மடிப்பு. நடுவே ஒரு பள்ளம்.

தோல் நனைந்தால் இளகும். உணர்வு கூடும். ஓடைக்கரையில் கல்லுக்கு அடியில் கையை விட்டுச் சின்னச் சிங்கி இறால் துழாவும். கண் அப்போது எங்கோ மரத்தில் இருக்கும்.

நிறங்கள் அவ்வளவாகத் தெரியாது என்கிறார்கள்.

அக்காவின் மகள் கைபேசியில் ஒரு வினாவிடை செய்தாள். இரவில் விழித்திருப்பீர்களா? தெரியாத இடத்தில் கூச்சப்படுவீர்களா? பிறர் எறிவதை எடுத்து வைப்பீர்களா?

முடிவு: உங்கள் ஆன்ம விலங்கு ரக்கூன்.

அவளுக்குச் சந்தோசம். அக்காவுக்கு இல்லை. "குப்பை கிளறுறதையோ பிள்ளைக்குக் குடுத்தவங்கள்? ஒரு கழுகைக் குடுத்தால் என்னவாம்?"

எல்லாருக்கும் கழுகு, ஓநாய், சிறுத்தை வருகிறது. எலி வந்ததாக எவரும் சொல்லக் கேட்டதில்லை. பேன் வந்தவரும் இருக்கமாட்டார்.

புத்தகக் கடையில் சீட்டுக்கட்டு. ஆன்ம விலங்குச் சீட்டுகள், பெட்டியோடு. ரக்கூன் சீட்டில் முகம் மட்டும். கறுப்புப் பட்டை, மஞ்சள் கண், பின்னால் நிலா. மாறுவேடம், ரகசியம், துணிச்சல் என்று மூன்று வரி விளக்கம்.

கையை வரையவில்லை.

இந்த மண்ணின் முதற்குடிகளில் அனிஷினாபே மக்களின் குலச்சின்னம் தகப்பன் வழியில் வருவது. கொக்கு, லூன் பறவை, கரடி, மீன். தேர்ந்தெடுப்பதற்கு இடமில்லை. ஒரே சின்னத்துக்குள் கலியாணமும் இல்லை. கேள்விக்கொத்து ஒன்றும் தேவைப்படவில்லை. பிறந்தால் போதும்.

1701, மொன்றியல். பிரெஞ்சுக்காரரோடும் தங்களுக்குள்ளும் சமாதானம் பேச ஏறக்குறைய 40 முதற்குடிகளின் பேராளர்கள் வந்தார்கள். ஒப்பந்தத்தின் கீழே விலங்குகளைக் கீறினார்கள். கொக்கு ஒன்று, நீண்ட கால்களோடு, இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அது ஒப்பம். ஒரு மனிதரின் குணத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

முதற்குடிகள் பலர் 'ஆன்ம விலங்கு' என்று விளையாட்டாகச் சொல்ல வேண்டாம் என்கிறார்கள். பலகாலமாகக் கேட்கிறார்கள். சீட்டுக்கட்டு பிளாஸ்ரிக் உறையில், தள்ளுபடியில் கிடக்கிறது.

மெனொமினி மக்களின் கதை. விஸ்கான்சின். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்தில் பதிவானது.

ஏரிக்கரையில் இரண்டு கிழவர். இருவருக்கும் கண் தெரியாது. குடிசையிலிருந்து தண்ணீர் வரைக்கும் கயிறு கட்டிக் கொடுத்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போய்த் தண்ணீர் மொள்ளலாம். ஒரு நாள் ரக்கூன் வந்தது. கயிற்றின் நுனியை ஏரியிலிருந்து அவிழ்த்துப் பற்றைக்குள் கட்டியது. ஒருவர் கயிற்றைப் பிடித்துப் போனார். கையில் பற்றை. ஏரி வற்றிவிட்டது என்று திரும்பி வந்தார். ரக்கூன் கயிற்றைப் பழையபடி கட்டியது. மற்றவர் போனார். தண்ணீர். வந்து, நீ பொய்யன் என்றார்.

இறைச்சி எட்டுத் துண்டு. ஆளுக்கு நாலு. ரக்கூன் இடையில் கை விட்டது. கணக்குப் பிழைத்தது. இவர் அவரைச் சந்தேகித்தார், அவர் இவரை. ரக்கூன் இருவர் முகத்திலும் மெல்ல ஒரு தட்டுத் தட்டியது. அடிபிடி.

பிறகு சிரித்துத் தன்னைக் காட்டிக்கொடுத்தது. ஒருவரையொருவர் இவ்வளவு லேசில் குற்றம் சொல்லக்கூடாது என்று புத்தியும் சொன்னது.

கயிறு, முடிச்சு, இறைச்சித் துண்டு, கன்னம். முகத்தை யார் பார்ப்பது அந்தக் கதையில்?

அபெனகி மக்களிடம் அஸெபன். அதுவும் ரக்கூன்தான், வம்புக்காரன். நீர்வீழ்ச்சி இரைவதைக் கேட்டு எரிச்சலாகி, யாருக்குச் சத்தம் கூட என்று போட்டிக்குப் போனவன். கத்திக் கத்தி விளிம்புக்குப் போய் உள்ளே விழுந்தான்.

இந்தப் பகுதி சீட்டில் வராது.

கழுவிச் சாப்பிடும் விலங்கு. சுத்தக்காரன். எல்லாச் சிறுவர் புத்தகத்திலும் உண்டு. உயிரியலாளர் லின்னேயஸ் 1758இல் கொடுத்த அறிவியற் பெயரிலும் உண்டு: கழுவும் கரடி.

லின்னேயஸ் சொந்தமாக ஒன்று வளர்த்தவர். சுவீடனில், உப்சாலாவில். பட்டத்து இளவரசர் கொடுத்தது. பெயர் ஷூப். வாதுமை, முந்திரிவத்தல், சீனிப் பலகாரம் பிடிக்கும். ஆட்களின் சட்டைப்பைக்குள் கைவிட்டுப் பார்க்கும். ஒரு நாள் வேலி தாண்டிப் போய் நாயிடம் அகப்பட்டுச் செத்தது.

லின்னேயஸ் அதை வெட்டிப் பார்த்து உள்ளுறுப்புகளையும் எழுதி வைத்தார். சட்டைப்பைக்குள் கைவிட்டதும் அதே கட்டுரையில்.

லண்டன் மிருகக்காட்சிசாலை, 1960களின் தொடக்கம். மல்கம் லயல் வாட்சன் என்ற தென்னாபிரிக்க இளைஞர் ரக்கூன் கூண்டுக்கு முன்னால் இருந்தார். தண்ணீர் எவ்வளவு தூரத்தில், தீனி என்ன, அழுக்கா சுத்தமா என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். 1963இல் கட்டுரை. அழுக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது கழுவவே இல்லை. ஓடை இல்லாத இடத்தில் கை ஓடையைத் தேடுகிறது. தீனியைத் தண்ணீரில் போட்டுத் துழாவி மறுபடி 'பிடிக்கிறது'.

கூண்டுப் பழக்கம்.

அந்த வாட்சன் பிறகு பெயரின் முன்பாதியைக் கைவிட்டார். லயல் வாட்சன். 1973இல் 'சூப்பர்நேச்சர்'. தொலைவுணர்வு, செடிக்கு மனம், இன்ன பிற. மிக நன்றாக விற்றது. 1979இல் வந்த இன்னொரு புத்தகத்தில் நூறாவது குரங்கு. ஜப்பானின் கோஷிமாத் தீவில் ஒரு குரங்கு ஒரு பழக்கத்தைக் கண்டுபிடிக்கிறது. மற்றவை பார்த்துப் பழகுகின்றன. நூறாவது குரங்கும் பழகிய அன்று, கடலுக்கு அப்பால் மற்றத் தீவுக் குரங்குகளுக்கும் அது தானாக வந்துவிடுகிறது. தியான முகாம்களில் இன்றைக்கும் சொல்கிறார்கள். கோஷிமாவில் குரங்குகளைப் பார்த்தவர்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் இல்லை.

குரங்கு கண்டுபிடித்த பழக்கம்: வற்றாளைக் கிழங்கைக் கழுவிச் சாப்பிடுவது.

காணொளி ஒன்று. ரக்கூனுக்குப் பஞ்சு மிட்டாய் கொடுக்கிறார்கள். தண்ணீரில் நனைக்கிறது. மிட்டாய் கரைந்து போகிறது. தண்ணீருக்குள் கையை விட்டுத் தேடுகிறது, தேடுகிறது.

சிரிக்கும் சத்தம் பின்னால் கேட்கிறது.

கறுப்புப் பட்டை ஏன்? கண்கூச்சத்தைக் குறைக்கலாம் என்று ஒரு ஊகம். ஒன்றையொன்று அடையாளம் காணலாம் என்று இன்னொன்று. திருடுவதற்கு என்று விஞ்ஞானி எவரும் சொல்லவில்லை.

1834 அளவில் அமெரிக்க மேடைகளில் 'ஸிப் கூன்' என்று ஒரு பாத்திரம். வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்தார்கள். ரக்கூன் பெயரின் பின்பாதி அதன்பின் நூறு வருடத்துக்கு மேல் வசைச் சொல்லாகக் கிடந்தது. இன்றைக்கும் வாயில் எடுக்க முடியாது.

1780களில் கிழக்கு டெனசியில் ஃபிராங்க்ளின் என்று ஒரு நாடு. சில வருடமே இருந்தது. ஐக்கிய அமெரிக்கா சேர்த்துக்கொள்ளவில்லை. கையில் காசு இல்லை. உத்தியோகத்தருக்குத் தோலில் சம்பளம். மான் தோல், நரித் தோல், ரக்கூன் தோல், எல்லாவற்றுக்கும் விலை குறித்துச் சட்டம்.

கள்ள நோட்டும் இருந்ததாம். விலை குறைந்த ஒபோசம் தோலில் ரக்கூன் வாலைத் தைத்துக் கொடுப்பது. கதைதான். ஆனாலும் வாலைத் தைத்த கையை நினைக்கிறேன்.

1926, நன்றியறிதல் நாள் நெருங்குகிறது. மிசிசிப்பியிலிருந்து ஜனாதிபதி கூலிட்ஜுக்கு உயிரோடு ஒரு ரக்கூன் வந்தது. சமைப்பதற்கு. தெற்கில் அது விருந்துச் சாப்பாடு. கூலிட்ஜ் வீட்டார் சமைக்கவில்லை. ரெபேக்கா என்று பெயர் வைத்தார்கள். கழுத்துப்பட்டியில் 'வெள்ளை மாளிகை ரக்கூன்' என்று எழுதியிருந்தது. திருமதி கூலிட்ஜ் அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் உண்டு.

குளியல் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஒரு சவர்க்காரக் கட்டியைக் கொடுத்தால் நெடுநேரம் போய்விடுமாம்.

கடைசியில் மிருகக்காட்சிசாலை.

இயற்கையில் இரண்டு மூன்று வருடம்தான் பெரும்பாலானவற்றுக்கு. வாகனம், நோய், பட்டினி. கூண்டில் 20 வருடம்கூட இருந்திருக்கின்றன.

பூட்டுகள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ரக்கூனைப் பெட்டிக்குள் விட்டுப் பார்த்தன. டேவிஸ் என்பவரின் ரக்கூன்கள் 13 பூட்டில் 11ஐத் திறந்தன. கொக்கி, தாழ்ப்பாள், நெம்பு. ஒழுங்கை மாற்றினாலும் திறந்தன. தலைகீழாக வைத்தாலும்.

சிக்காகோவில் ஹன்டர், 1913. மூன்று கதவு. ஒன்றில் விளக்கு எரிந்து அணையும். விலங்கைக் கொஞ்சம் காக்க வைத்துத் திறந்துவிடுவார். எலி விளக்கு எரிந்த பக்கம் உடம்பைத் திருப்பி வைத்துக்கொண்டே காத்திருக்கும். உடம்பைத் திருப்பிவிட்டால் மறந்துபோகும். ரக்கூன் அங்கும் இங்கும் அலைந்துவிட்டு, 25 விநாடி கழித்தும், சரியான கதவுக்குப் போனது.

எங்கே வைத்திருந்தது அதை?

பெரிய சண்டை நடந்தது, விலங்குக்கு மனத்தில் படம் உண்டா இல்லையா என்று. சண்டை தீரவில்லை. ரக்கூன்தான் ஆய்வுகூடத்திலிருந்து போனது. கூண்டைக் கடித்தது, ஆளைக் கடித்தது, தப்பிக் காற்றுக் குழாய்க்குள் போய் இருந்தது. வெள்ளை எலி வைத்த இடத்தில் இருந்தது. பிறகு ஐம்பது வருடம் உளவியல் என்றால் எலி.

பிரெலண்ட் தம்பதி, கெல்லரும் மரியனும். உளவியலாளர் ஸ்கின்னரின் மாணவர்கள். பரிசு கொடுத்தால் எந்த விலங்கையும் எதையும் செய்ய வைக்கலாம் என்பது குருவின் பாடம். விலங்குகளைப் பழக்கி விளம்பரத்துக்கும் காட்சிக்கும் அனுப்பிப் பிழைத்தார்கள். ஒரு ரக்கூன், உண்டியலில் காசு போட வேண்டும். ஒரு காசு கொடுத்தால் போட்டது. மனமில்லாமல். உண்டியலின் விளிம்பில் உரசி, உள்ளே விட்டு, வெளியே எடுத்து, கடைசியில் விட்டது.

இரண்டு காசு கொடுத்தார்கள். முடிந்தது கதை. இரண்டையும் கைக்குள் வைத்துத் தேய்த்தது. தேய்த்துக்கொண்டே இருந்தது. உண்டியலுக்குள் நனைப்பது போல் விட்டு எடுத்து மறுபடி தேய்த்தது. தீனி கிடைக்காது. தெரிந்தும் தேய்த்தது. நாளாக நாளாகக் கூடியதே தவிரக் குறையவில்லை.

1961இல் எழுதினார்கள். உண்டியல் காட்சி நடக்கவில்லை.

கையில் காசை வைத்துத் தேய்ப்பது கஞ்சத்தனம் போல இருந்ததாம். சிங்கி இறாலின் ஓட்டை உரிக்கும் கை அது என்று பிரெலண்ட் தம்பதி சொன்னார்கள்.

வயோமிங், 2017. குழாயில் பாதித் தண்ணீர், மேலே மார்ஷ்மெல்லோ மிதக்கிறது, கைக்கு எட்டாது. பக்கத்தில் கல். கல்லைப் போட்டால் தண்ணீர் உயரும். காகத்துக்குத் தெரிந்த வித்தை. எட்டு ரக்கூன்களில் இரண்டு கல்லைப் போடப் பழகின.

ஒன்று குழாயையே கவிழ்த்துவிட்டு மார்ஷ்மெல்லோவை எடுத்துக்கொண்டது. ஆய்வாளர்கள் கவிழாது என்று நினைத்துச் செய்த குழாய்.

ஜேர்மனி, 12 ஏப்ரல் 1934. எடர் ஏரிக்கரை. ஒரு வன அதிகாரி இரண்டு சோடி ரக்கூன்களைக் காட்டில் விட்டார். கோழி வளர்க்கும் ஒருவர் கொடுத்தவை. காட்டை அழகாக்கவாம். நாஸித் தலைவர் கோயரிங் உத்தரவிட்டார் என்று பிறகு கதை கட்டினார்கள். பிரித்தானியப் பத்திரிகைகளுக்கு நாஸி ரக்கூன் என்று எழுத வசதி. உத்தரவு ஒன்றும் அவரிடமிருந்து வரவில்லை. 1945இல் பேர்ளினுக்குக் கிழக்கே ஒரு தோல் பண்ணையில் குண்டு விழுந்து இன்னும் கொஞ்சம் தப்பின.

இப்போது வேட்டைக்காரர் ஒரு பருவத்தில் சுடுவது மட்டும் இரண்டு லட்சம். காஸல் நகரில் வீட்டுத் தண்ணீர்க் குழாயைச் சுற்றி வழுவழுப்பான தகரம் அடிக்கிறார்கள், ஏறாமலிருக்க.

தகரம். தென்னைக்கு அடிப்போமே, எலி ஏறாமல்.

ஜப்பான், 1977. தொலைக்காட்சியில் ராஸ்கல். அமெரிக்கப் பையன், அவன் வளர்க்கும் ரக்கூன். 52 பாகம். நாடு முழுக்கப் பிள்ளைகள் ரக்கூன் கேட்டார்கள். கடைகள் இறக்கிக் கொடுத்தன. குட்டி பெரிதானது, கடித்தது. கடைசிப் பாகத்தில் பையன் ராஸ்கலைக் காட்டில் விடுகிறான். பெற்றோரும் கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள்.

கியோட்டோ, நாரா. நூற்றாண்டுகள் கண்ட மரக் கோயில்கள். தூணில் ஐந்து விரல் கீறல். ஏறிப்போன வழி. கூரைக்குள் குட்டி, மூத்திரம், பலகை உளுத்தல்.

ராஸ்கலின் படம் போட்ட சாவிக்கொத்து இன்னும் விற்கிறது.

தலைகீழாக மரத்திலிருந்து இறங்கும். பின்பாதத்தைப் பின்பக்கமாகத் திருப்ப முடிவதால். பூனைக்கு முடியாது. பின்வளவு மேப்பிளில் பார்த்தது. மூக்கு முதலில் தரையைத் தொட்டது.

மேலே கிடந்து குளிர்காலம் முழுக்கத் தூங்குவதில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை சுருண்டு கிடக்கும். வெயில் எறித்தால் எழும்பி வரும். வாலில் கொழுப்பு.

9 யூலை 2015. ரொறன்ரோ நடுவில், யங் வீதியும் சேர்ச் வீதியும் சந்திக்கும் மூலை. நடைபாதையில் செத்துக் கிடந்தது. காலையில் நகராட்சிக்கு அறிவித்தாயிற்று. வரவில்லை. யாரோ ஒரு ரோசாப்பூ வைத்தார். யாரோ மெழுகுதிரி. யாரோ ஓர் அட்டை. சட்டம் போட்ட படம் ஒன்றும் வந்து சேர்ந்தது. கொன்ராட் என்று பெயரும் வைத்தார்கள். இரவில்தான் எடுத்துப்போனார்கள்.

படத்தில் இருந்தது வேறு ரக்கூன். இதை உயிரோடு யார் படம் பிடித்தது?

அதே வருடம் நகரம் ரக்கூன் திறக்க முடியாத தொட்டிக்குப் பணம் ஒதுக்கியது. 31 மில்லியன் டொலர். மேயர் போர்ப் பிரகடனம் போலப் பேசினார், தோல்விக்கு இடமில்லை என்று. மூடியில் திருகு கைபிடி. கவிழ்த்தாலும் திறக்காது. லொறி தூக்கித் தலைகீழாகப் பிடித்தால் மட்டும் தானே திறக்கும். முன்கூட்டியே ரக்கூன்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். தேறியது. 2016இல் வீட்டுக்கு வீடு வந்தது.

2018இல் ஒரு பத்திரிகையாளரின் வீட்டுக்குப் பின்னால் ஒன்று அதைத் திறந்தது. நகராட்சி நம்பவில்லை. காணொளியைக் காட்டினார்கள்.

சோதித்தவர் யோர்க் பல்கலைக்கழகத்து சூசான் மக்டொனால்ட். ரக்கூன்களின் கழுத்தில் இடங்காட்டி கட்டியும் பார்த்தவர். சில வீதிகளுக்குள்தான் சுற்றின. பெரிய வீதியைத் தாண்டவில்லை. அடிபட்டுச் செத்தவை தாண்டியவை. மிச்சமிருப்பவை தாண்டாதவை. அவற்றின் குட்டிகள் இந்தப் பக்கம்.

நகரத்து ரக்கூனுக்கு ஒரு தொட்டி, கிராமத்து ரக்கூனுக்கு ஒரு தொட்டி வைத்தும் பார்த்தார். கிராமத்தது சுற்றி வந்து போய்விட்டது. நகரத்தது விடவில்லை.

வினாவிடையில் இது எப்படி வரும்? உங்கள் ஆன்ம விலங்கு நகரத்ததா, கிராமத்ததா?

யூன் 2018, மினசோட்டா, சென் போல். ஒரு ரக்கூன் இருபதுக்கு மேல் மாடியுள்ள கட்டடத்தின் வெளிச்சுவரில் ஏறியது. பகல் முழுக்க. யன்னல் விளிம்பில் படுத்துத் தூங்கியது. உள்ளே அலுவலகம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் அது. உலகம் முழுக்க நேரடி ஒளிபரப்பு. விடியப்புறம் மொட்டை மாடி. பூனைத் தீனி வைத்துப் பிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள்.

அதன் விருப்பம் மேலே போவது என்று எல்லாரும் எழுதினார்கள். இறங்க வழி தெரியாமல் ஏறியிருக்கலாம்.

டிசெம்பர் 2015, ஹமில்டன். நகராட்சி வாகனத்தின் பின்பெட்டியில் இரண்டு நாயும் ஒரு ரக்கூனும். சண்டை. ரக்கூனைச் சோதித்தபோது விசர்நோய். ஒன்ராறியோவில் ரக்கூன் விசர்நோய் ஒழிந்து பத்து வருடமாயிற்று என்று நினைத்திருந்தார்கள்.

தடுப்பு மருந்தை ஊசியில் கொடுக்க முடியுமா? விமானத்திலிருந்து தூவுகிறார்கள். நகரத்துக்குள் கையால் போடுகிறார்கள். சின்னப் பச்சை வில்லை. உள்ளே மருந்து, வெளியே மெழுகும் கொழுப்பும்.

வாசனை: மார்ஷ்மெல்லோ.

அக்கா வீட்டுக் கூரைக்குள் சத்தம். ஏப்ரல். படுக்கையறைக்கு மேலே இழுபடுகிறது, பிறகு கீச்சுக் குரல். அத்தான் பொறி வைத்துத் தூரக் கொண்டுபோய் விடலாம் என்றார். முடியாது. பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் கொண்டுபோகக்கூடாது என்று மாகாணச் சட்டம். தாயைப் பிடித்தால் குட்டி மேலே கிடந்து சாகும்.

வந்தவர் ஓட்டையில் ஒருவழிக் கதவு போட்டார். குட்டிகளை எடுத்து வெளியே பெட்டியில் வைத்தார். தாய் எப்போதும் இன்னொரு இடம் பார்த்து வைத்திருக்குமாம். இருட்டியதும் வந்தது. கழுத்தைக் கவ்வி ஒவ்வொன்றாக. மதிலோரமாக. கடைசிக் குட்டியைத் தூக்கியபின் வெறும் பெட்டிக்குள் கையை விட்டு ஒருமுறை துழாவியது.

"என்ர ஆன்ம விலங்கு வீடு மாறுது" என்றாள் மகள்.

அக்கா பேசவில்லை. எட்டு வீடு மாறியவள், கொழும்பு, வன்னி, திரும்பக் கொழும்பு என்று.

போன பிறகு கூரையில் ஒரு மூலை. ரக்கூன் ஒரே இடத்தில்தான் கழிக்கும். பல ரக்கூன்கள் ஒரே இடத்தில். அதில் வட்டப்புழு முட்டை இருக்கலாம். மனிதருக்குத் தொற்றுவது அரிது. தொற்றினால் புழு மூளைக்கும் கண்ணுக்கும் போகலாம். முட்டை மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். குளிருக்குச் சாகாது. வெளிற்றி மருந்துக்கும் சாகாது. கொதிநீர் வேண்டும்.

சுகாதாரத் துறை சொல்லும் முறை: முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டும், தூசி எழும்பாமல். முகமூடி போட வேண்டும். கையுறை போட வேண்டும். வழித்தெடுத்துப் பைக்குள் கட்டிய பிறகு கொதிநீர் ஊற்ற வேண்டும். கையுறையைக் கழற்றிய பிறகு, சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.